ஆள்மாறாட்டக் கதைகள்: ஆரணியாற்றங்கரையிலிருந்து கோடம்பாக்கம் வரை

ஒருவரை வேறொருவராக எண்ணிவிடுவதால் விளையும் குழப்பமே ஆள்மாறாட்டக் கதை. அது திரைப்படத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ்நாட்டின் வடகோடியில் வழிபாட்டுக் கதைகளுக்குள் குடிகொண்டிருந்தது. திருவள்ளூர் மாவட்டம், ஊத்துக்கோட்டை வட்டத்தில் ஆரணியாற்றின் கரையில் உள்ள பெரியபாளையம் இதற்கு முதல் சான்று. அங்குள்ள பவானி அம்மன் கோயிலின் தலபுராணம் ஒரு குழந்தை மாற்றத்தில் தொடங்குகிறது. கம்சனின் சிறையில் பிறந்த கண்ணன் இரவோடு இரவாகக் கோகுலத்துக்குப் போகிறான். யசோதை பெற்ற பெண் குழந்தை சிறைக்கு வருகிறது. தேவகியின் எட்டாவது குழந்தை இதுதான் என்று நம்பிய கம்சன் அதைக் கொல்லத் தூக்கும்போது, அது அவன் பிடியிலிருந்து எழும்பித் தன் உண்மை உருவைக் காட்டி மறைகிறது. அந்தத் தேவியே பெரியபாளையத்தில் சங்கும் சக்கரமும் ஏந்திப் பவானியாக அமர்ந்தாள் என்பது ஊர் வழக்கு. ஆடி மாதம் தொடங்கிப் பல வாரங்கள் வேப்பஞ்சேலை கட்டி வலம் வரும் கூட்டம் வழிபடுவது, பகைவன் ஆள் தெரியாமல் தூக்கிய அந்தக் குழந்தையைத்தான்.

பெரியபாளையத்துக்குக் கிழக்கே, சின்னம்பேடு என்றும் வழங்கும் சிறுவாபுரியில் இன்னொரு கதை உண்டு. இராமனை எதிர்த்து இலவனும் குசனும் அம்பெடுத்த இடம் அது என்கிறது அவ்வூர்த் தலபுராணம். எதிரே நிற்பவர்கள் தன் பிள்ளைகள் என்று தந்தைக்குத் தெரியாது. தந்தை இவர் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது. அதே சிறுவாபுரி முருகன் கோயிலில் வள்ளியோடு கைகோத்து நிற்கும் மணக்கோலத் திருமேனி இருக்கிறது. மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள திருத்தணி, முருகன் வள்ளியை மணந்த தலமாகப் போற்றப்படுகிறது. வள்ளி கதையோ தமிழில் வேடமாற்றக் கதைகளுக்கெல்லாம் தாய். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், பின்பு தள்ளாடும் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். யானையைக் கண்டு அஞ்சிய வள்ளி அந்தக் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். இளைஞன் கிழவன் வேடம் போட்டுக் காதலில் வெல்லும் இந்த ஏற்பாடு, 1964ஆம் ஆண்டு வண்ணத் திரையில் வேறு உடையில் மீண்டும் வந்தது. அது பின்னால் வரும்.

புராணத்தைப் பாமரர் முன் ஆடிக்காட்டியது தெருக்கூத்து. வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும் நாட்களில் இரவு முழுவதும் கூத்து நடக்கும். அதில் மக்கள் சிரித்துக் களிக்கும் பகுதிகளில் ஒன்று விராட பருவம். பாண்டவர் ஓராண்டு யார் கண்ணுக்கும் அகப்படாமல் விராடன் அரண்மனையில் வாழ வேண்டும். தருமன் சூதாடும் அந்தணனாகிறான், பீமன் சமையற்காரன் ஆகிறான், அருச்சுனன் பிருகன்னளை என்ற பேடியாகி இளவரசிக்கு நடனம் கற்பிக்கிறான். கீசகன் இருட்டில் திரௌபதி என்று எண்ணித் தொடும்போது அங்கே காத்திருப்பவன் பீமன். பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தின் துயரத்தைப் பார்த்து அழுத அதே கூட்டம், பெரிய வீரன் கரண்டி பிடிப்பதையும் வில்லாளி சலங்கை கட்டுவதையும் கண்டு சிரிக்கும். கட்டியங்காரன் இடையிடையே அந்த இரகசியத்தைச் சீண்டிவிடுவான்.

இந்தக் கலையின் அடிப்படை விதி இங்கேதான் உருவானது. ஆள் யார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தவன் தெரியாதவனைப் பார்க்கும்போது பிறப்பதே இந்தச் சிரிப்பு. துப்பறியும் கதை இரகசியத்தைக் கடைசிவரை பார்வையாளரிடமிருந்து மறைக்கிறது. ஆள்மாறாட்ட நகைச்சுவை முதல் காட்சியிலேயே அதைப் பார்வையாளர் கையில் கொடுத்துவிடுகிறது. எழுத்தறிவு இல்லாதவருக்கும் இந்த இன்பம் முழுதாகக் கிடைத்தது. பின்னாளில் டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள், எவ்வளவு சிக்கலான இரட்டை வேடக் கதையையும் தடுமாறாமல் பின்தொடர்ந்ததற்குக் கூத்தில் பெற்ற இந்தப் பயிற்சியே காரணம் என்று கொள்ளலாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி கதையை மேடை நாடகமாக்கினார். வேடனும் வள்ளியும் வாதம் செய்யும் தர்க்கப் பகுதி அந்நாடகத்தின் உயிரானது. வந்தவன் முருகன் என்று அறிந்த அவையினர், அறியாத வள்ளியின் கோபத்தை இரசித்தனர். நல்ல நடிகர்கள் அந்தத் தர்க்கத்தை நேரம் போவது தெரியாமல் நீட்டுவார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் புகழ்பெற்றதில் வள்ளி திருமணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். சுந்தராம்பாள் எதிர்த்திசையில் சென்று ஆண் வேடம் ஏற்றார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வேடம் மாறுவது அன்றைய மேடைக்கு அன்றாடத் தொழிலாகவே இருந்தது.

நகரத்து மேடை வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் பல நாடகங்களை அவர் தமிழாக்கினார். ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் இரட்டையர் கதையை ஷேக்ஸ்பியர் எடுத்து, எசமானர்களோடு வேலைக்காரர்களையும் இரட்டையராக்கியது உலக நாடக வரலாற்றில் தெரிந்த செய்தி. வங்காளத்தில் வித்யாசாகர் 1869இல் அதைப் ‘பிராந்தி விலாஸ்’ என்று எழுதினார். அது 1963இல் உத்தம் குமார் நடித்த படமாகவும், 1982இல் குல்சார் இயக்கிய ‘அங்கூர்’ என்ற இந்திப் படமாகவும் தொடர்ந்தது. சம்பந்த முதலியார் எசமானனுக்கும் வேலைக்காரனுக்கும் முகத்தை ஒன்றாக்கவில்லை, பெயரை ஒன்றாக்கினார். அவருடைய சபாபதி நாடகத்தில் செல்வந்தர் வீட்டு மந்தமான பிள்ளையும் சபாபதி, அவனைவிட மந்தமான வேலைக்காரனும் சபாபதி. ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கி 1941 டிசம்பரில் வெளிவந்த ‘சபாபதி’ படத்தில் டி. ஆர். ராமச்சந்திரன் எசமானனாகவும் காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் சென்னைக் கடற்கரையை அச்சுறுத்திய மாதங்களில் மக்கள் திரண்டு பார்த்த படம் அது. முழுநீள நகைச்சுவைப் படம் தமிழில் ஓடும் என்பதை அது நிலைநாட்டியது.

அடுத்த ஆண்டே பிரகதி நிறுவனம் சுந்தர்ராவ் நட்கர்னியின் இயக்கத்தில் ‘என் மனைவி’யை வெளியிட்டது. அதன் மூலம் கோவிந்த பல்லாள் தேவலின் ‘சம்சய கல்லோள்’ என்ற மராத்தி நாடகம். தேவல் அதை ஆர்தர் மர்ஃபி என்ற ஆங்கில நாடகாசிரியரிடமிருந்து எடுத்தார். மர்ஃபி எடுத்தது பிரெஞ்சு நாடகமேதை மொலியேரிடமிருந்து. கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் தவறாகச் சந்தேகிக்கும் கதை, பாரிஸிலிருந்து இலண்டன், மகாராஷ்டிரம் வழியாகக் காரைக்குடிக்காரரான மெய்யப்பனின் பட நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த வகைக் கதைகளுக்கு ஒற்றைப் பிறப்பிடம் தேடுவது பயனற்றது. அவை எப்போதும் பயணத்திலேயே இருந்தன.

ஹாலிவுட்டின் பங்கு இந்தக் கட்டத்தில் நுழைகிறது. மவுண்ட் ரோட்டில் எல்பின்ஸ்டனும் காசினோவும், ஜார்ஜ் டவுனில் மினர்வாவும் ஆங்கிலப் படங்களைத் தொடர்ந்து திரையிட்டன. தமிழ்ப் பட முதலாளிகளும் கதை இலாக்காக்காரர்களும் ஒளிப்பதிவாளர்களும் அங்கே உட்கார்ந்து தொழில் கற்றார்கள். முதலில் அவர்களைக் கவர்ந்தது அரச வம்சத்து இரட்டையர் கதை. இரும்பு முகமூடி அணிந்த கைதியைப் பற்றிய அலெக்ஸாந்தர் துமாவின் கதை 1939இல் ஹாலிவுட் படமானது. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அதே கருவில் ‘உத்தமபுத்திரன்’ எடுத்தார். பி. யு. சின்னப்பா இரு வேடங்களில் நடித்த அது, தமிழ்ப் பேசும் படத்தில் இரட்டை வேடத்துக்கு முன்னோடியாக நிற்கிறது. துமாவின் இன்னொரு கதையிலிருந்து வந்த 1941ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தைத் தழுவி ஜெமினி ஸ்டுடியோ 1949இல் எம். கே. ராதாவை இரு வேடங்களில் வைத்து ‘அபூர்வ சகோதரர்கள்’ எடுத்தது. 1958இல் மட்டும் சிவாஜி கணேசனின் ‘உத்தமபுத்திரன்’ பிப்ரவரியிலும், எம். ஜி. ஆர். இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ ஆகஸ்டிலும் வந்தன. அரசனைப் போலவே முகமுள்ள சாமானியன் அரியணையில் அமரும் ‘நாடோடி மன்னன்’ கரு, ‘செண்டாவின் கைதி’ என்ற ஆங்கில நாவலையும் அதன் 1937ஆம் ஆண்டுப் படத்தையும் ஒட்டியது. ஆனால் அரியணையில் அமர்ந்தவன் உழவருக்கும் ஏழைக்கும் சட்டம் இயற்றத் தொடங்குவது எம். ஜி. ஆர். சேர்த்தது. ஒரே முகம் என்ற வித்தையை அரசியல் மேடையாக்கியதில் அந்தப் படத்துக்கு இணை இல்லை.

இந்தப் படங்களால் சென்னை, சேலம் ஸ்டுடியோக்களில் ஒரு கைவினை வளர்ந்தது. ஒரே நடிகர் இருவராகத் தோன்ற, லென்ஸின் முன் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து மறுபாதியில் முதல் வேடத்தைப் படமாக்குவார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, தொடங்கிய அதே இடத்துக்குக் கொண்டுவந்து, அட்டையை மாற்றி வைத்து, வேறு உடையில் வந்த அதே நடிகரை மறுபாதியில் பதிவு செய்வார்கள். இதற்கு மாஸ்க் ஷாட் என்று பெயர். இடையில் கேமரா நூலளவு அசைந்தாலும், விளக்கின் ஒளி மாறினாலும் கோடு தெரிந்துவிடும். அந்தக் கோடு விழும் இடத்தில் தூணோ கதவு நிலையோ இருக்கும்படி செட் போடுவார்கள். இருவரும் ஒருவரையொருவர் தொட வேண்டிய காட்சியில் முதுகு காட்டி நிற்பவர் டூப். நடிகரின் வேலை இன்னும் கடினமானது. எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து, தான் இன்னும் பேசாத வசனத்துக்குச் சரியான நேரம் விட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர், லேப் ஊழியர், மேக்கப்காரர் என்று பெயர் வெளியே தெரியாத பலரின் பொறுமையில் நின்ற கலை அது.

இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதியின் ஹாலிவுட் ஆள்மாறாட்ட நகைச்சுவைக்கு உச்சமாகக் கருதப்படுவது பில்லி வைல்டர் இயக்கி 1959இல் வெளிவந்த ‘சம் லைக் இட் ஹாட்’. 1929இல் சிகாகோ நகரில் நடந்த கும்பல் கொலை ஒன்றை இரு இசைக்கலைஞர்கள் தற்செயலாகப் பார்த்துவிடுகிறார்கள். உயிர் தப்ப அவர்கள் பெண் வேடமிட்டுப் பெண்கள் இசைக்குழுவில் சேர்கிறார்கள். டோனி கர்ட்டிஸும் ஜாக் லெம்மனும் அந்த இருவர். குழுவின் பாடகி மர்லின் மன்றோ. கர்ட்டிஸ் பாடகியைக் கவர எண்ணெய்க் கம்பெனி வாரிசாக இன்னொரு வேடமும் போடுகிறார். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நகைச்சுவைப் படப் பட்டியலில் முதலிடம் இதற்கே. இந்தப் படமும் சொந்தக் கதை அல்ல. 1935இல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்று, 1951இல் ஜெர்மனியில் மறுபடி எடுக்கப்பட்டு, அங்கிருந்து ஹாலிவுட்டுக்கு வந்தது. 1975இல் அது ‘ரஃபூ சக்கர்’ என்று இந்திக்கு வந்தது. தமிழ்ப் படங்கள் மட்டுமே தழுவி வாழ்ந்தன என்று குறை சொல்பவர்கள் இந்த வரிசையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வைல்டரின் நாயகர்கள் துப்பாக்கிக்கு அஞ்சி வேடமிட்டார்கள். அதே காலத்துத் தமிழ் நாயகர்கள் வேலைக்காகவும் வாடகை வீட்டுக்காகவும் மாமனாரின் சம்மதத்துக்காகவும் வேடமிட்டார்கள். தமிழ் ஆள்மாறாட்ட நகைச்சுவையின் தனித்தன்மை இதுதான். பட்டம் பெற்றவன் வேலையில்லாமல் அலைந்த, திருமணம் பெரியவர்களின் கையில் இருந்த சமூகத்தில் பொய் சொல்வதற்கு இவையே போதுமான காரணங்கள்.

‘மிஸ்ஸியம்மா’ இதற்கு மிகச் சிறந்த சான்று. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனம் எல். வி. பிரசாத்தின் இயக்கத்தில் 1955 பொங்கலையொட்டி இதைத் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்றும் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ என்றும் வெளியிட்டது. மூலம் ‘மான்மயி கேர்ல்ஸ் ஸ்கூல்’ என்ற வங்காளக் கதை. ஊரில் பள்ளி நடத்தும் ஜமீன்தார், பட்டதாரிகளான கணவன் மனைவி ஆசிரியர்களாக வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். வேலையற்ற இந்து இளைஞனும் கடன்பட்ட கிறிஸ்தவப் பெண் மேரியும் தம்பதியாக நடித்து அந்த வேலையில் சேர்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்த இருவர். எஸ். வி. ரங்காராவ் ஜமீன்தார், துப்பறிவதில் ஆசை கொண்ட உறவுக்காரப் பையன் தங்கவேலு. முடிவில் மேரி உண்மையில் ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் என்று காலில் உள்ள மச்சத்தால் தெரிகிறது.

இந்தக் கதையில் இரண்டு அடுக்கு ஆள்மாறாட்டம் இருக்கிறது. ஒன்று அவர்கள் தெரிந்து போட்ட வேடம். மற்றது மேரிக்கே தெரியாமல் அவள் வாழ்ந்த வேடம். வீட்டுக்கு வெளியே கணவன் மனைவியாகச் சிரித்து, கதவைச் சாத்தியதும் சண்டை போடும் காட்சிகளில் சாவித்திரியின் முகம் நொடிக்கு நொடி மாறுவது இன்றும் வியக்க வைக்கிறது. தெலுங்கில் அந்த வேடம் முதலில் பானுமதிக்கு உரியதாக இருந்தது. அவர் விலகிய பிறகே சாவித்திரிக்கு வந்தது. சாவித்திரி செய்ய இருந்த இரண்டாம் நாயகி வேடம் ஜமுனாவுக்குப் போயிற்று. ஒரு சமயத்தவர் இன்னொரு சமயத்து வீட்டில் மகளாகவும் மருமகளாகவும் நடிக்கும் கதையை, எந்தச் சமயத்தையும் புண்படுத்தாமல், சிரிக்கச் சிரிக்க எடுத்தது அரிய காரியம். ஏவி. எம். நிறுவனம் 1957இல் இதையே மீனாகுமாரியை வைத்து ‘மிஸ் மேரி’ என்று இந்தியில் எடுத்தது.

இந்த இருமொழித் தயாரிப்பைத் திருவள்ளூர் வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1 அன்று பிரிந்தது. வடக்கெல்லை யாருக்கு என்ற போராட்டம் ம. பொ. சிவஞானத்தின் தலைமையில் நடந்து, எல்லை மாற்றச் சட்டத்தின் வழியாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊத்துக்கோட்டையும் கும்மிடிப்பூண்டியும் எல்லை ஊர்களாயின. அந்த ஆண்டுகளில் வரைபடத்தில் தமிழும் தெலுங்கும் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, வடபழனியில் ஒரே செட்டில் நடிகர்கள் பலர் இரு மொழிகளிலும் பேசி நடிக்க முடிந்தது. இருமொழியும் வீட்டில் புழங்கிய எல்லைப்புறத்து மக்களுக்கு இரண்டு படமும் சொந்தம்.

1958 அக்டோபரில் பி. ஆர். பந்துலுவின் ‘சபாஷ் மீனா’ வந்தது. ஊதாரிப் பிள்ளையைத் திருத்த எண்ணி, தந்தை அவனைப் பட்டணத்து நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார். பிள்ளை தன் பெயரில் தன் நண்பனை அங்கே அனுப்பிவிட்டுத் தான் வேறு இடத்தில் காதலிக்கிறான். பிள்ளை சிவாஜி கணேசன், நண்பன் ஜே. பி. சந்திரபாபு. போதாததற்குச் சந்திரபாபுவின் முகத்தோடு சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரர் ஒருவரும் வந்து சேர்கிறார். இரட்டை வேடம் கதாநாயகனுக்கே உரியது என்ற வழக்கத்தை உடைத்து, அதை நகைச்சுவை நடிகருக்குக் கொடுத்த படம் இது. சிவாஜி அதற்கு இடம் கொடுத்து நடித்தார். சந்திரபாபுவின் உடல் அசைவும் உச்சரிப்பும் இரு ஆட்களையும் முழுமையாகப் பிரித்துக் காட்டின. முகம் ஒன்று என்பதே மறந்துபோகும் அளவுக்கு. பந்துலுவே 1962இல் இதை ‘தில் தேரா தீவானா’ என்று இந்தியில் எடுத்தார்.

1959இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ சோகப் படமாக வந்தாலும், அதில் தங்கவேலுவின் பகுதி இந்த வரலாற்றுக்கு உரியது. வேலை இல்லாதவர், மாமனார் வீட்டாரிடம் ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார், எழுத்தாளர் பைரவன் தானே என்றும் சொல்லிவிடுகிறார். இல்லாத கம்பெனிக்குத் தினமும் கிளம்பிப் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெயர் தமிழர் பேச்சில் நிலைத்துவிட்டது. ஒருவர் வேலையுள்ள தானாகவே வேடமிடும் இந்தக் கற்பனைக்குப் பின்னால் அக்காலத்து வேலையின்மையின் அவமானம் நிற்கிறது.

முகமும் பெயரும் முடிந்து குரலுக்கு வந்தது ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960). அருண் சௌதுரியின் வங்காளக் கதை ஒன்று 1952இல் வங்காளத்திலும் 1953இல் தெலுங்கிலும் படமாகி, வேதாந்தம் ராகவையாவின் இயக்கத்தில் அஞ்சலி தேவியின் சொந்த நிறுவனத்தால் தமிழுக்கு வந்தது. பாட்டில் மனம் பறிகொடுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கவர வேண்டும். ஆனால் காதலனுக்குப் பாட வராது. நண்பன் மறைந்திருந்து பாட, இவன் வாயசைக்கிறான். வாயசைப்பவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் சபாபதியாக நடித்த டி. ஆர். ராமச்சந்திரன், மறைந்து பாடும் நண்பன் தங்கவேலு. உண்மையில் தங்கவேலுவும் பாடவில்லை; அவருக்குப் பின்னால் பி. பி. ஸ்ரீனிவாஸ் போன்ற பின்னணிப் பாடகர்கள் இருந்தார்கள். பின்னணிப் பாடல் என்ற தொழில்முறையையே கதையாக்கிய படம் இது. திரையில் வாயசைப்பவர் பாடுவதாக ஏற்றுக்கொள்ளப் பழகிய மக்கள், அந்த ஏற்பாடு அம்பலமாகும் காட்சியை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். இந்தியில் 1968இல் வந்த ‘படோசன்’ இதே கதைதான். அதில் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்தார்.

1962இல் பந்துலுவின் ‘பலே பாண்டியா’வில் சிவாஜிக்கு மூன்று வேடம், எம். ஆர். ராதாவுக்கு இரண்டு. வேலை கிடைக்காமல் தற்கொலைக்குப் போகும் பாண்டியனைக் கபாலி என்ற கயவன் காப்பாற்றுகிறான். பாண்டியனின் முகம் தன் அடியாளின் முகத்தைப் போலவே இருப்பதுதான் காரணம். சிவாஜி வெளிநாடு புறப்படும் முன் மிகக் குறுகிய நாட்களில் எடுக்கப்பட்ட படம் என்பது அதைப் பார்க்கையில் தெரியாது.

இந்த மரபின் சிகரம் ‘காதலிக்க நேரமில்லை’. சித்ராலயா நிறுவனத்துக்காக ஸ்ரீதர் இயக்கி 1964 பிப்ரவரியில் வெளிவந்தது; கதை வசனத்தில் சித்ராலயா கோபுவின் கை உண்டு. ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் முழு வண்ணத்தில் வந்த தொடக்ககாலத் தமிழ்ச் சமூகப் படங்களில் ஒன்று இது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அதாவது டி. எஸ். பாலையா, பணத்தைக் கண்டால் மட்டுமே மதிப்பவர். அவர் வேலையிலிருந்து நீக்கிய அசோக் அவருடைய மகளைக் காதலிக்கிறான். தான் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று பொய் சொல்கிறான். பொய்க்குத் தகப்பன் வேண்டும். நண்பன் வாசு நரைமீசை ஒட்டிச் சிதம்பரமாக வருகிறான். அசோக் புதுமுகம் ரவிச்சந்திரன், வாசு முத்துராமன். வாசு காதலிப்பதும் அதே வீட்டு மற்றொரு மகளைத்தான் என்பது பிறகு தெரிகிறது. கிழவன் வேடத்தில் அவளுக்கு மாமனார் முறையில் அவன் அமர்ந்திருக்க வேண்டும். வாசுவின் உண்மைத் தந்தையும் பாலையாவின் பழைய நண்பராக வந்து இறங்குகிறார்.

பொய் ஒன்று, அதைக் காக்க இன்னொன்று, அதைக் காக்க மூன்றாவது என்று அடுக்கப்பட்டாலும் எந்த இடத்திலும் பார்வையாளருக்குக் குழப்பமே வராத கட்டுமானம் இது. கந்தபுராணத்துக் கிழவனின் வேடத்தை ஸ்ரீதரும் கோபுவும் எண்ணி எழுதினார்களா என்பது ஒருபுறமிருக்க, தள்ளாடும் முதியவர் உண்மையில் காதலன் என்ற இரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் பழக்கம் பார்வையாளரிடம் தயாராக இருந்தது. வேடமே போடாத பாலையா, எதிரே இருப்பவரின் சொத்து மதிப்புக்கு ஏற்பக் குரலையும் முதுகையும் வளைக்கும் நடிப்பு படத்தின் ஆகப் பெரிய சாதனை. படம் எடுக்காமலே ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளியாக வலம்வரும் நாகேஷும் தன்னளவில் ஓர் ஆள்மாறாட்டக்காரர்தான். ஸ்ரீதரே இதை 1966இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் இயக்கினார்.

1965 பொங்கலன்று வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ இரட்டையரைத் திரும்ப அழைத்தது. டி. வி. நரசராஜு கதை எழுதிய ‘ராமுடு பீமுடு’ என்ற தெலுங்குப் படத்தைத் தாபி சாணக்யா எம். ஜி. ஆரை வைத்துத் தமிழில் எடுத்தார். அக்காள் கணவனின் சவுக்குக்கு அஞ்சி நடுங்கும் ராமு, அச்சமே அறியாத இளங்கோ. இருவரும் இடம் மாறும்போது பயந்தவன் வீட்டுக்குத் துணிந்தவன் வருகிறான், சவுக்கு கைமாறுகிறது. நகைச்சுவை பாதி, பழி தீர்க்கும் மனநிறைவு பாதி. அடங்கிக் கிடந்தவர் ஒருநாள் வேறு ஆளாக எழுந்து நிற்பதை விவசாயக் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும் தம் வாழ்வோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

இத்தகைய படங்கள் நகரத் தியேட்டர்களில் ஓடி முடித்த பிறகு கிராமங்களைச் சுற்றியிருந்த டூரிங் டாக்கீஸுகளுக்கு வந்தன. 1905இல் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் படப்பெட்டியோடு ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியதன் தொடர்ச்சி அது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம். கூடாரம் அல்லது கீற்றுக் கொட்டகை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று கட்டணம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை. நகைச்சுவைப் படங்களுக்கு அந்த இடைவேளைகள் தீங்கு செய்யவில்லை. அடுத்து யார் அகப்படுவார் என்று பேசிக்கொள்ள நேரம் கிடைத்தது.

1970களில் சபா நாடகங்கள் இந்த மரபைப் பேணின. 1981 மே மாதம் கே. பாலசந்தர் ‘தில்லு முல்லு’வைத் தந்தார். ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘கோல்மால்’ (1979) மூலம், வசனம் விசு. விளையாட்டையும் நவீன உடையையும் வெறுக்கும் முதலாளியிடம் வேலை பெற இளைஞன் அடக்கமான இந்திரனாகிறான். விளையாட்டுப் போட்டியில் முதலாளி கண்ணில் பட்டதும், அது மீசையில்லாத தம்பி சந்திரன் என்கிறான். மாஸ்க் ஷாட் தேவைப்படாத இரட்டை வேடம். ஒரு மீசை போதும். அடிதடி நாயகனாக அறியப்பட்ட ரஜினிகாந்துக்கு முழுநீள நகைச்சுவை புதிது. முதலாளி வேடத்தில் தேங்காய் சீனிவாசன் அவருக்கு ஈடுகொடுத்தார். பல இடங்களில் மிஞ்சினார். வேடத்துக்குக் காரணம் மீண்டும் வேலைதான்.

1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ எண்ணிக்கையை நான்காக்கியது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, கிரேசி மோகன் வசனம் எழுத, பிறந்ததும் பிரிந்த நான்கு சகோதரர்களாகக் கமல்ஹாசன் நடித்தார். அவர்களில் பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரனைப் பணக்கார மதனகோபாலின் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். விராடன் அரண்மனையில் வீரன் சமையற்காரனாகக் கரண்டி பிடித்தான்; இங்கே சமையற்காரன் முதலாளி வேடம் போட வேண்டியிருக்கிறது. நான்கு பேரும் நான்கு வகைத் தமிழ் பேசுவதால் கண்ணை மூடிக்கொண்டாலும் ஆளை அடையாளம் காணலாம். மலைவிளிம்பில் ஊசலாடும் வீட்டின் இறுதிக்காட்சி சாப்ளினின் ‘கோல்டு ரஷ்’ஷை நினைவூட்டுவது. அனைவரும் ஒரே சட்டகத்தில் வரும் அக்காட்சிகளே கணினி உதவி வருவதற்கு முன் மாஸ்க் வேலையின் கடைசிப் பெரும் சாதனைகளில் சேரும்.

1996இல் இரண்டு படங்கள் வந்தன. சுந்தர் சி. இயக்கிய ‘உள்ளத்தை அள்ளித்தா’, சபாஷ் மீனாவின் கதையை எடுத்துக்கொண்டு இரட்டை வேடத்தை மணிவண்ணனுக்குக் கொடுத்தது. கே. எஸ். ரவிக்குமாரின் ‘அவ்வை சண்முகி’, ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்ற 1993ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்திலிருந்து பிறந்தது. மகளைப் பிரிந்த தந்தை கிழவி வேடத்தில் வேலைக்காரியாக மாமனார் வீட்டுக்குள் நுழைகிறான். படத்தின் பெயரோ, மேடையில் அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்ற டி. கே. சண்முகத்துக்குச் செலுத்திய மரியாதை. ‘தில்லு முல்லு’ 2013இல் அதே பெயரில் சிவா நடிக்க மறுபடியும் எடுக்கப்பட்டது. கிரேசி மோகன் 2019 ஜூன் 10 அன்று மறைந்தார். அவரது நாடகங்கள் இன்றும் சபாக்களில் அரங்கேறுகின்றன.